சுகர் ஏறும் முன்னே இடுப்பை அளப்போம்



"எனக்கு சுகர் டெஸ்ட் நார்மல்தான், உடம்புதான் கொஞ்சம் பூசினாப்புல இருக்கு" என்று குழுக் கூட்டங்களில் பலர் சொல்கிறோம். ஆனால் சுகர் ஏறுவதற்குப் பல வருஷம் முன்பே உடம்புக்குள் கணக்கு தவறத் தொடங்கிவிடும்.

இன்சுலின் என்ன செய்கிறது?

நாம் சாப்பிடும் சோறு, இட்லி எல்லாம் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அந்தச் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புகிறது. மிஞ்சியதைக் கொழுப்பாகச் சேமிக்கச் சொல்வதும் அதுதான். சாப்பிடாத நேரத்தில் இன்சுலின் குறையும். சேமித்த கொழுப்பை உடம்பு எடுத்துச் செலவழிக்கும். நம்ம குழு சேமிப்பு மாதிரிதான், போடவும் வேணும், எடுக்கவும் வேணும்.

தொப்பை விழுந்தால்?

எடுக்காமல் போட்டுக்கொண்டே இருந்தால் பெட்டி நிரம்பி வழியும். வழிகிற கொழுப்பு ஈரலிலும் தசையிலும் படியும். அதன்பின் இன்சுலின் சொல்வதை அவை சரியாகக் கேட்காது. ஈடுகட்ட கணையம் இன்னும் கூடுதலாகச் சுரக்கும். அப்படிச் சுரக்கும்வரை டெஸ்டில் சுகர் நார்மலாகவே காட்டும். கொழுப்போ லேசில் கரையாது. கணையம் ஓய்ந்துபோகும்போதுதான் சுகர் ஏறும்.

சங்கரன்கோவில் பக்கம் பீடி சுற்றும் நம் பெண்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருக்கிறோம். கை ஓயாவிட்டாலும் கால் தசைக்கு வேலை இல்லை.

தடுக்க முடியுமா?

முடியும். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சுகர் வரும் நிலையில் இருந்தவர்களை 3 வருஷம் கவனித்தார்கள். பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்கு சுகர் வந்தது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது.

நாம் செய்ய வேண்டியவை:

* தையல் டேப்பால் விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் அளக்கவும். பெண்களுக்கு 80 செ.மீ. (சுமார் 31½ அங்குலம்) தாண்டினால் கவனம் தேவை.
* தினமும் 30 நிமிஷம் வேகமாக நடக்கவும். வேலைக்கு நடுவே எழுந்து நடமாடவும்.
* சோற்றைக் குறைத்து, காய், கீரை, பயறு கூட்டவும். டீக்குச் சர்க்கரை வேண்டாம்.
* 30 வயதானவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் பார்க்கவும். இலவசம்தான்.
* மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது.

சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஆஸ்பத்திரிக்கே போகக் கூடாது. அடுத்த கூட்டத்துக்கு ஒரு டேப் கொண்டு வாங்க. எல்லோரும் அளந்து பார்ப்போம்.