மூவிலைத் திருநாளும் நமது மலையடிவாரமும்



மார்ச் 17-ம் தேதி அயர்லாந்து மக்களுக்குப் பெருநாள். உலகின் எந்த மூலையில் இருந்தாலும் அன்று பச்சை உடை உடுத்தி, மூன்று இலை கொண்ட சிறு செடி ஒன்றைச் சட்டையில் குத்திக்கொள்வார்கள். அது பரிசுத்த பேட்ரிக்கின் நினைவு நாள். அந்நாட்டில் 1903-ல் அது அரசு விடுமுறை ஆயிற்று. லெந்து காலத்தின் நடுவே வந்தாலும், அன்று மட்டும் உபவாசத்தைத் தளர்த்தி விருந்துண்பது பழைய வழக்கம். 1845-ல் தொடங்கிய கொடிய பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள். ஏறத்தாழ அத்தனை பேர் கப்பலேறிப் போனார்கள். போன இடங்களிலெல்லாம் அவர்கள் இந்த நாளையும் கொண்டு சென்றார்கள். நியூயார்க் நகர ஊர்வலமோ அதற்கும் முன்பே, 1762-லேயே தொடங்கிவிட்டது.

மூவிலைச் செடிக்கு ஒரு கதை உண்டு. திரித்துவத்தை விளக்க பேட்ரிக் அதைக் காட்டினாராம். இது பிற்காலத்தார் சொல்லி வந்த கதை. நம் வரப்போரம் முளைக்கும் புளியாரைக்கும் மூன்று இலைகள் உண்டு. குடும்பம் வேறானாலும், பார்வைக்கு அதே சாயல்.

பேட்ரிக் யார்? அவர் அயர்லாந்துக்காரர் அல்லர் என்பதை அறிந்தால் வியப்பீர்கள். ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், ரோமரின் ஆட்சிக்குட்பட்டிருந்த பிரிட்டனில் ஓர் உதவிக்குருவின் மகன். பதினாறு வயது நிரம்புமுன் கொள்ளையர் அவரைப் பிடித்து, அயர்லாந்தில் அடிமையாக்கினார்கள். ஆறு ஆண்டுகள் மந்தை மேய்த்தார். குளிரிலும் மழையிலும் ஜெபிக்கக் கற்றுக்கொண்டார். தப்பி வீடு சேர்ந்தபின், தம்மை அடிமையாக வைத்திருந்த அதே மக்களிடம் நற்செய்தியோடு திரும்பிச் சென்றார். அவர் எழுதியவற்றுள் இரண்டு இன்றும் உள்ளன. ஒன்று அவருடைய சாட்சி. மற்றது, புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களைச் சிறைபிடித்துச் சென்ற ஒரு தலைவனின் வீரர்களைக் கண்டித்து எழுதிய கடிதம். அடிமை வாழ்வின் கசப்பை ருசித்தவர், பிறருக்காக வாய் திறந்தார். பச்சை உடைக்கும் ஊர்வலத்துக்கும் பின்னால் இருக்கிற மெய்யான பாரம்பரியம் இதுவே.

இந்தப் பாரம்பரியம் நமது திருநெல்வேலிச் சீமைக்கும் வந்து சேர்ந்தது. 1814-ல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் வட்டாரத்தில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்த கால்டுவெல் இடையன்குடியில் ஊழியம் செய்து, 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். 1867-ல் டவுன் வட்டாரத்து மில்லைல் கிராமத்தில் பிறந்தவர் ஏமி கார்மைக்கேல். அவ்விரண்டு வட்டாரங்களும் இன்று வட அயர்லாந்தில் உள்ளன.

ஏமி அம்மையார் இளவயதில் பெல்ஃபாஸ்ட் நகரின் ஆலைப் பெண்களிடையே ஊழியம் செய்தார். தொப்பி வாங்க வசதியில்லாமல் சால்வையால் தலையை மூடி வந்த அவர்களைச் சில கனவான்கள் ஏளனமாய்ப் பார்த்த காலம் அது. அந்நகரம் லினன் நூற்றுப் பிழைத்த நகரம். தறிச் சத்தத்தோடு வளர்ந்த கடையநல்லூர்க்காரர்களுக்கு அப்பெண்களின் பாடு நன்றாகவே புரியும்.

1895-ல் இந்தியா வந்தவர், பின்பு ஒருமுறையும் தாயகம் திரும்பவில்லை. 1901-ல், கோவிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் ஓடிவந்தாள். அதன்பின், நமது இதே மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில், களக்காட்டுக்கு அருகே உள்ள டோனாவூர், ஆபத்திலிருந்த பிள்ளைகளுக்கு வீடாயிற்று. பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கு, அவர்கள் வந்து சேர்ந்த நாளையே திருநாளாகக் கொண்டாடினார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலானோர் பல ஆண்டுகள் போராடிய பின், 1947-ல் சென்னை மாகாணத்தில் அவ்வழக்கம் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. 1931-ல் கீழே விழுந்து காயமுற்ற அம்மையார், எஞ்சிய காலத்தின் பெரும்பகுதியைப் படுக்கையிலேயே கழித்து, 1951-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கல்லறைக் கல் வேண்டாமென்று சொல்லியிருந்தார். அவரை அடக்கம் செய்த இடத்தில் பறவைகள் நீர் அருந்த ஒரு கல்தொட்டியே இருக்கிறது.

நண்பர்களே, டோனாவூர் என்ற பெயரே ஒரு நன்கொடையாளரின் பெயர் என்பதை அறிவீர்களா? ஆலயம் கட்ட உதவிய டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரால் அவ்வூர் வழங்குகிறது. அவர் கொடுத்தபோது, அவ்விடத்தில் ஒரு நாள் எத்தனை பிள்ளைகள் அடைக்கலம் பெறுவார்கள் என்பதை அறிந்திருக்க முடியாது. கொடுக்கிற கை, விளைவின் முழுமையையும் காண்பதில்லை.

கொத்தடிமை முறை 1976-ல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனாலும் கடனுக்கு ஈடாக வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். நாள் முழுவதும் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். மார்ச் 17 அன்று பச்சை உடுத்தத் தேவையில்லை. பிடித்துச் செல்லப்பட்ட ஒரு சிறுவனையும், ஓடிவந்த ஒரு சிறுமியையும் நினைத்து, நம் தெருவில் இருக்கிற ஒரு பிள்ளைக்காக ஜெபியுங்கள். கதவைத் திறந்து வையுங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு, உங்கள் மருத்துவமனைக் குருவானவர்