தீவகத்துச் சிறு பாடசாலைகள்

லூயிஷாமில் எம் பிள்ளைகள் பயிலும் பாடசாலைகளுள் பெரும்பாலானவற்றைக் கவனிப்பது உள்ளூராட்சிச் சபையின் கல்விப் பிரிவு என்பதைப் பெற்றோர் அறிவர். 1990 வரை உள் இலண்டன் முழுவதற்கும் ஒரே கல்வி அதிகாரசபை இருந்தது. அது கலைக்கப்பட்ட பின்னரே இப்பொறுப்பு இங்குள்ள சபைக்கு வந்தது. தாயகத்தில் இதனையொத்த பணியைச் செய்வது வலயக் கல்விப் பணிமனை. யாழ்ப்பாண மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து வலயங்கள் உள்ளன. தீவக வலயத்தைப் பற்றியே இங்கு கூற விரும்புகின்றோம்.

வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் குடாநாட்டுடன் இணைந்துள்ளன. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்குப் படகே வழி. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். வாடைக்காற்று மிகுந்தால் படகு இல்லை. படகு இல்லையெனில் அன்று ஆசிரியரும் இல்லை.

1945 இல் இலவசக் கல்வி வந்தது. மிஷனரிமாரும் சைவ வித்தியா விருத்திச் சங்கமும் நடத்திய பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை 1960 இன் பின் அரசு பொறுப்பேற்றது. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் போர் நடவடிக்கைகளால் தீவக மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். திரும்பியோர் சிலரே. வகுப்பறைகள் இருந்தன, பிள்ளைகள் இல்லை.

சிறு பாடசாலையின் இடர் யாது? தரம் 1 முதல் 11 வரை அறுபத்தாறு பிள்ளைகள் பயிலும் ஒரு பாடசாலையை எண்ணிப் பாருங்கள். தரத்துக்கு அறுவர். இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் எனத் தலையெண்ணிக் கணக்கிட்டால் மூவரே கிடைப்பர். வகுப்புகளோ பதினொன்று! கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் அறுவருக்கெனினும் அறுபதின்மருக்கெனினும் தனித்தனி ஆசிரியரை வேண்டுவன. சாதாரண தரப் பரீட்சை வினாத்தாள் கொழும்புப் பிள்ளைக்கும் எழுவைதீவுப் பிள்ளைக்கும் ஒன்றே.

இத்தகைய இடங்களை அரசு கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என வகுத்துள்ளது. புதிய நியமனம் பெற்றோர் சில ஆண்டுகள் அங்கு பணியாற்றிய பின் இடமாற்றம் பெறுவர். அவர்களைக் குறைகூற நாம் விரும்பவில்லை. நாமும் படகு நேரத்தைப் பார்த்தே பாடத்தை முடித்தவர்கள்.

பிள்ளைகள் குறைந்தால் பாடசாலையை அயலிலுள்ளதுடன் இணைத்துவிடலாமே என்பர். தரையில் அது பேருந்துச் செலவோடு முடியும். ஆறு வயதுப் பிள்ளையை நாள்தோறும் கடல் கடக்க விடுவார் யார்? தாய் பிள்ளையுடன் யாழ்ப்பாண நகரில் வாடகை வீடு எடுப்பாள். ஊர் வீடு பூட்டப்படும். அடுத்த ஆண்டு இன்னொரு குடும்பம் புறப்படும்.

இலண்டனிலுள்ள பழைய மாணவர் சங்கங்கள் பெருமனத்துடன் உதவுகின்றன. எனினும் அலங்கார வளைவும் பெயர்ப்பலகையும் பாடம் சொல்லித் தரமாட்டா. தீவிலேயே தங்கும் ஆசிரியருக்கு நல்ல விடுதியும் நன்னீரும், ஆசிரியர் இல்லாத பாடங்களுக்குத் தொண்டராசிரியர் ஒருவருக்கு மாதாந்தக் கொடுப்பனவும் இவற்றினும் முந்தியவை. அடுத்த முறை பணம் திரட்டுமுன், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று அதிபரிடம் கேட்டறியும்படி அன்பர்களை வேண்டுகின்றோம்.