கேட்டபின் எழுதப்படும் படத்தகடு



மிளகும் சுக்கும் மணக்கும் மட்டாஞ்சேரித் தெருக்களில் மலையாளத்தோடு கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் கலந்து ஒலிப்பதைக் கேட்கலாம். அங்கே வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை மனத்தில் எண்ணிக்கொள்வோம். பேரக் குழந்தைகள் பள்ளியில் மலையாளம் பயில்கின்றனர். தமிழ் எழுத்து அவர்களுக்குப் பழக்கமில்லை. செவிவழியாகவேனும் தமிழின் இனிமையை அவர்கள் நுகரட்டும் என்று கருதிய பாட்டனார், 1944இல் வெளிவந்து சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ படத்தை டி.வி.டி. குறுந்தகடாக வரவழைக்கிறார். முதலாண்டில் படம் நன்றாக ஓடுகிறது. சில ஆண்டுகள் சென்றபின், பாகவதர் பாடத் தொடங்கும் இடத்தில் காட்சி உறைந்து நின்றுவிடுகிறது. தகட்டிலோ ஒரு கீறலும் இல்லை. பிழை எங்கே?

அத்தகடு உருவான முறையில்தான். குறுந்தகடுகள் இருவகைப்படும். ஆயிரக்கணக்கில் விற்பவை அச்சில் வார்க்கப்படுபவை. நுண்ணிய பள்ளங்கள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்து, அவற்றின்மேல் உலோகப் பூச்சு ஏறுகிறது. இது ஓலையில் எழுத்தாணியால் கீறியதைப் போன்றது. மற்றொரு வகை, ஒருவர் கேட்டபின் ஒவ்வொன்றாக எழுதித் தரப்படுவது. இதில் பள்ளம் இல்லை. இரு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே உள்ள சாயப் படலத்தை லேசர் ஒளி சுட்டுக் குறியிடுகிறது. சாயம் வெயிலாலும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் நிறம் மாறும். காயலும் கடலும் சூழ்ந்து, இடவப்பாதி மழையில் மாதக்கணக்கில் ஈரம் காயாத கொச்சியில் இக்கேடு விரைந்து வருவதில் வியப்பில்லை.

இம்முறையால் நன்மையே இல்லை என்று சொல்லலாகாது. சிலரே விரும்பும் பழைய படத்தை ஆயிரக்கணக்கில் வார்த்தால் முதல் திரும்பாது. அதனாலேயே அமெரிக்காவில் வார்னர் நிறுவனம் 2009இல் கேட்டவர்க்கு மட்டும் எழுதித் தரும் விற்பனையைத் தொடங்கியது. ஆனால் சேகரிப்போர் சில குறைகளை அறிந்திருத்தல் வேண்டும். இத்தகைய தகடுகளில் பலவற்றுள் துணையுரையோ விளக்கமோ இராது. பழைய கருவிகள் சில இவற்றை ஏற்பதில்லை. வழக்கமான எழுதும் தகட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட், அதில் மூன்று படங்களைத் திணித்தால் முகங்கள் மங்கிக் கட்டங்கட்டமாகச் சிதையும். மேலும், நம் நாட்டுச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்குப்பின் 60 ஆண்டுகளே. அது முடிந்த படத்தை யாரும் பிரதி செய்து விற்கலாம். தேய்ந்த பிரதியா, பாடல்கள் வெட்டப்பட்டதா என்று கேட்பாரில்லை.

இழப்பு நமக்குப் புதிதன்று. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’. 1938இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த முதல் மலையாளப் பேசும் படம் ‘பாலன்’. இவ்விரண்டின் பிரதியும் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. எஞ்சியவற்றைக் காக்க 1964இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்தது. எனினும், வீட்டிலுள்ள தகட்டைக் காப்பது வீட்டாரின் கடமையே அன்றோ?

வாங்குமுன் தகட்டைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் ஊதாச் சாயலாக இருப்பின் அது பெரும்பாலும் எழுதப்பட்டதே. வார்த்தது வெள்ளிபோல் மின்னும். எழுதப்பட்டதாயின் மேலே காகிதம் ஒட்டாதீர்கள். பந்துமுனைப் பேனாவால் எழுதாதீர்கள். வெயில் படாத உலர்ந்த இடத்தில் உறையிலிட்டு நிறுத்திவையுங்கள். உரிமைக்காலம் முடிந்த படமாயின், தகடு நன்றாக ஓடும்போதே கணினியில் ஒரு பிரதியும், வேறொரு வன்தட்டில் மற்றொரு பிரதியும் எடுத்து, ஆண்டுக்கொருமுறை ஓட்டிச் சரிபாருங்கள்.

ஓலைச்சுவடிகள் நம்மிடம் வந்து சேர்ந்தது ஓலையின் உறுதியால் மட்டுமன்று. சிதையுமுன் அவற்றை மீண்டும் மீண்டும் படியெடுத்த கைகள் இருந்தன. படத்தகட்டுக்கும் அத்தகைய கைகள் வேண்டும். அப்போதுதான் மட்டாஞ்சேரிப் பேரனும் பாகவதரின் பாட்டை இறுதிவரை கேட்பான்.