ஆணையும் எண்ணும்

பெங்களூர் நகரின் மென்பொருள் நிறுவனங்களில் எழுதப்படும் நிரல்களுள் பெரும்பாலானவை, மனித மொழியை ஓரளவு ஒத்த உயர்நிலை மொழிகளில் அமைந்தவை. கணிப்பொறிக்கோ எண்கள் மட்டுமே தெரியும். இவ்விடைவெளியை மாணவர் நேரில் காண உதவியது, 1976-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8085 நுண்செயலியைக் கொண்ட பயிற்சிப் பெட்டியாகும். பெங்களூரைச் சேர்ந்த எலக்ட்ரோ சிஸ்டம்ஸ் அசோசியேட்ஸ் போன்ற நிறுவனங்கள் தயாரித்த இப்பெட்டிகள் பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் இடம்பெற்றன.

பெட்டியில் திரை கிடையாது. 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் விசைகள். முகவரிக்கு நான்கு ஒளியெண்கள், அதன் உள்ளடக்கத்துக்கு இரண்டு. எண்கள் யாவும் பதினாறடிமானத்தில் அமைந்தவை. ஐந்தையும் மூன்றையும் கூட்ட வேண்டுமாயின், 8000 என்னும் முகவரி தொடங்கி 3ஈ, 05, சி6, 03, 32, 50, 80, 76 எனப் பதிக்க வேண்டும். 3ஈ என்பது அடுத்த எண்ணைத் திரளகத்தில் இடுக என்னும் ஆணை, சி6 கூட்டுக என்பது, 32 விடையை 8050-இல் வைக்கச் சொல்வது, 76 நிறுத்துவது. முகவரியின் பின்பாதி முதலில் எழுதப்படுவது புதியவர்களைச் சற்றுக் குழப்பும். அஃது இச்செயலியின் வழக்கம்.

மாணவர் ஒருவர் கைதவறி 8001-இலிருந்து நிரலை இயக்கினால் என்ன நிகழும்? அங்குள்ள 05 இப்பொழுது ஐந்து அன்று; 'பி' பதிவகத்தில் ஒன்றைக் குறைக்க என்னும் ஆணை. பின்னர், திரளகத்தில் முன்பே கிடந்த ஏதோ ஓர் எண்ணுடன் மூன்று கூட்டப்படுகிறது. பிழையென்று பெட்டி எச்சரிப்பதில்லை. தவறான விடையை முறைப்படி எழுதி வைத்துவிட்டு நிற்கிறது. எண் எது, ஆணை எது என்பது செயலி எங்கிருந்து படிக்கத் தொடங்குகிறது என்பதைப் பொறுத்ததே.

இது ஆய்வுக்கூட வேடிக்கை மட்டுமன்று. 1988 நவம்பர் 2-ஆம் நாள் அமெரிக்காவில் ஏவப்பட்ட மாரிஸ் புழு, ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை முடக்கியது. அது நுழைந்த வழிகளுள் ஒன்று: 512 எண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் 536 எண்களை அனுப்பியது. மிகுதியானவை, செயலி திரும்பிச் செல்லவேண்டிய முகவரியையே மாற்றிவிட்டன. தரவாக வந்தவை ஆணைகளாக இயங்கின. அதன் பிறகே தரவுப் பகுதியை இயக்கவொண்ணாதவாறு குறிக்கும் வசதி செயலிகளில் பரவியது. எனினும் இத்தகைய ஓட்டைகள் முற்றிலும் அடைபடவில்லை. அவற்றைக் கண்டறிபவர், இயந்திர மொழியை வரிவரியாகப் படிக்க அறிந்திருத்தல் வேண்டும்.

இன்று பெட்டியில்லாமலும் இதனைக் கற்கலாம். 8085-ஐப் போல இயங்கும் மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. லினக்ஸ் கணிப்பொறியில் ஜிடிபி என்னும் கருவி, இயங்கும் நிரலை ஆணை ஆணையாக நிறுத்திக் காட்டும். மேற்கண்ட எட்டு எண்களைப் பதித்து, முதலில் 8000-இலிருந்தும் பிறகு 8001-இலிருந்தும் இயக்கி, 8050-இல் உள்ளதைப் பார்ப்பது நல்ல தொடக்கம்.