மலையில் ஓடப் புறப்படும் பிள்ளைக்கு

உங்கள் வீட்டுப் பிள்ளை நீலகிரி மலைப்பாதையில் நெடுந்தூரம் ஓடும் பந்தயத்திற்குப் பெயர் கொடுத்திருக்கிறானா? தடுக்காதீர்கள். ஆனால் பையில் எதை எடுத்துச் செல்கிறான் என்று கேளுங்கள்.

உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிடக் கால் பங்கு அளவுக்குக் குறைவு. ஆதலால் கடலோரத்தில் களைப்பின்றி ஓடுபவனுக்கும் அங்கே மூச்சு வாங்கும். செங்குத்தான ஏற்றத்தை நடந்து கடப்பது இழிவன்று. தேர்ந்த வீரர்களும் அவ்வாறே செய்கின்றனர். உண்மையில் காலைப் பதம் பார்ப்பது இறக்கமே. தேயிலைச் சரிவில் இறங்கும் ஒவ்வோர் அடியிலும் உடலின் பாரத்தைத் தொடைத் தசையே தடுத்து நிறுத்துகிறது. இறங்கிப் பழகாதவன் மறுநாள் வீட்டுப் படியில் இறங்கவும் தடுமாறுவான்.

அந்த வலி சில நாட்களில் தீரும். குளிர் அத்தகையதன்று. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாநிலத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் திடீரென ஆலங்கட்டி மழையும் கடுங்காற்றும் தாக்கின. ஓடிய 172 பேரில் 21 பேர் மாண்டனர். பலர் மெல்லிய ஆடையே அணிந்திருந்தனர். ஆடு மேய்ப்பவர் ஒருவர் சிலரைக் குகைக்குள் சேர்த்து, நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார்.

நீலகிரியிலும் வெயில் காய்ந்த சற்று நேரத்தில் மூடுபனியும் மழையும் சூழ்வதுண்டு. மழைச்சட்டை, உலர்ந்த உடை, கைவிளக்கு, விசில் ஆகியவை பையில் இருக்கட்டும். உடல் நடுங்கி நாக் குழறினால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பயிற்சிக்கும் தனியே அனுப்பாதீர்கள். தோட்டங்களில் காட்டெருமைகள் உலவுகின்றன.

கட்டணம் செலுத்துமுன் அமைப்பாளரிடம் ஒன்று கேளுங்கள்: வானிலை கெட்டால் ஓட்டத்தை யார், எப்படி நிறுத்துவார்? தெளிவான விடை வராவிட்டால் அந்தப் பந்தயம் வேண்டாம்.