உங்களுக்குத் தெரியுமா? கடல் தாண்டிய ரெகே

● காயல்பட்டினம் கரைக்கு இலங்கை வானொலி எவ்வளவு நெருக்கமோ, 1950களில் ஜமைக்கா தீவுக்கு மயாமி, நியூ ஆர்லியன்ஸ் வானொலிகள் அவ்வளவு நெருக்கம். ராத்திரி நேரத்தில் கடல் தாண்டி வந்த அமெரிக்கப் பாட்டை ஜமைக்காக்காரர்கள் கேட்டார்கள், தங்கள் தாளத்துக்கு மாற்றி வாசித்தார்கள். அப்படி முதலில் ஸ்கா வந்தது, பிறகு ராக்ஸ்டெடி, 1968 வாக்கில் ரெகே. காயல் ஷேக் முகமதுவின் இஸ்லாமியப் பாடல்களை ரேடியோவிலும் கேசட்டிலும் கேட்டு வளர்ந்த ஊருக்கு இது விளங்காத கதையே இல்லை.

● நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் ரேடியோ செட் கட்டுகிறவர் ஆம்ப்ளிஃபயரையும் பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார் அல்லவா? ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் அதற்குப் பெயர் சவுண்ட் சிஸ்டம். இரண்டு செட்டுக்காரர்கள் எதிரெதிரே பெட்டிகளை அடுக்கி, யார் பாட்டுக்குக் கூட்டம் ஆடுகிறது என்று விடிய விடியப் போட்டி போடுவார்கள். ரெகேயின் தலையெழுத்தை எழுதியது அந்தப் போட்டிதான்.

● 45 ஆர்.பி.எம். இசைத்தட்டில் ஒரு பக்கம் பாட்டு. மறுபக்கம் அதே பாட்டு, ஆனால் குரல் இருக்காது. அந்த மறுபக்கத்திலிருந்து வளர்ந்ததுதான் டப். அதை ஒரு கலையாக ஆக்கிய கிங் டப்பி, ரேடியோ ரிப்பேர் பார்த்தவர், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றியவர். அவருடைய நான்கு டிராக் மிக்சரில் பெரிய குமிழ் ஒன்று உண்டு. அதைத் திருப்பினால் அடிச்சத்தம் படிப்படியாகக் கரைந்து, ஹை-ஹாட்டின் கிணுகிணுப்பு மட்டும் மிஞ்சும். அடுத்த நொடி பேஸை மொத்தமாகத் திறந்துவிடுவார். பாட்டில் எதைச் சேர்ப்பது என்று எல்லோரும் யோசித்தபோது, எதை எடுப்பது என்று யோசித்தவர் அவர். மெலோடிகா ஊதும் அகஸ்டஸ் பாப்லோவுடன் அவர் செய்த ‘கிங் டப்பீஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ (1976) ஆல்பத்தைக் கேட்காமல் டப்பைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

● ஒரு ஜப்பானியப் பெண்ணின் முதல் வேலை ஜமைக்காவின் இசையையே மாற்றியது. கல்லூரியில் ரெகேயை ஆய்வு செய்து பட்டம் பெற்ற ஹிரோகோ ஓகுடா, 1980-ல் கேசியோ நிறுவனத்தில் சேர்ந்தார். எம்.டி-40 என்ற சின்னக் கீபோர்டுக்குத் தாளங்களை அமைக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அதில் ‘ராக்’ என்று பெயரிட்ட தாளத்தை நோயல் டேவி, வெய்ன் ஸ்மித் என்ற இரண்டு இளைஞர்கள் கிங்ஸ்டனில் கண்டெடுத்தார்கள். கிங் டப்பியின் சீடரான கிங் ஜாமி அதன் வேகத்தைக் குறைத்துப் பதிவு செய்தார். டிரம்ஸ் வாசிக்க ஆளில்லை, பேஸ் கிட்டாருக்கும் ஆளில்லை. 1985 பிப்ரவரி 23-ம் தேதி நடந்த சவுண்ட் சிஸ்டம் போட்டியில் ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’ ஒலித்தது, கூட்டம் அதிர்ந்தது. அன்று தொடங்கியது டிஜிட்டல் ரெகே. அதே தாளத்தின் மேல் பின்னால் நூற்றுக்கணக்கான பாடல்கள் வந்துவிட்டன.

● சீடன் முந்திவிட்டால் குரு சும்மா இருப்பாரா? அதே 1985-ல் கிங் டப்பி தந்த பதில், ஆண்டனி ரெட் ரோஸ் பாடிய ‘டெம்போ’. ஸ்லெங் டெங்கைவிட இருண்டது, கனமானது. என்னைக் கேட்டால் டிஜிட்டல் ரெகேயின் உச்சம் அதுதான். நான்கே ஆண்டுகளில், 1989 பிப்ரவரியில், டப்பி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இழப்பை ஜமைக்கா இசை இன்னும் ஈடுகட்டவில்லை.

● இனிமையான குரல் வேண்டும் என்பவர்களுக்கு: கிரெகரி ஐசக்ஸின் ‘ரூமர்ஸ்’ (1988). தயாரிப்பு கஸ்ஸி கிளார்க். மெஷின் தாளமும் இவ்வளவு மென்மையாக நடக்குமா என்று தோன்றும்.

● மேட் புரொஃபசர் என்ற நீல் ஃப்ரேசர் பிறந்தது கயானாவில். நம் தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் கப்பலேறிப் போன நாடு அது. மாரியம்மன் வழிபாட்டில் அங்கே இன்றும் தப்பு ஒலிக்கிறது. சிறுவயதில் தானே ரேடியோ செய்த ஃப்ரேசர், லண்டனுக்கு வந்து 1979-ல் வீட்டின் முன்னறையிலேயே அரிவா ஸ்டுடியோவைத் தொடங்கினார். மாசிவ் அட்டாக் குழுவின் ஆல்பத்தை அவர் டப்பாக மாற்றிய ‘நோ புரொடெக்‌ஷன்’ (1995) தவறவிடக் கூடாதது. இதை போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பேஸ் அத்தனையும் போய்விடும். நல்ல ஹெட்போன் போதும். பெரிய பெட்டி கிடைத்தால் யோகம்.

● ‘லவ் பேர்ட்ஸ்’ (1996) படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ‘நோ ப்ராப்ளம்’ பாடியவர் அப்பாச்சி இந்தியன். பர்மிங்ஹாமில் பிறந்த பஞ்சாபி. ஜமைக்கா பேச்சையும் பஞ்சாபியையும் கலந்து பாடிய அவருடைய ‘நோ ரிசர்வேஷன்ஸ்’ (1993) ஆல்பத்தில் ‘அரேஞ்ச்டு மேரேஜ்’ பாட்டைத் தேடிக் கேளுங்கள்.

● ‘ரோஜா’வில் (1992) ரெகே இருப்பதை ‘டைம்’ இதழின் விமர்சகர் ரிச்சர்ட் கார்லிஸ் 2005-ல் குறிப்பிட்டு எழுதினார். சிறந்த பத்துத் திரையிசை ஆல்பங்களில் ஒன்றாகவும் அதைத் தேர்ந்தெடுத்தார்.

● யாழ்ப்பாணத்தில் வளர்ந்த மாயா அருள்பிரகாசம், உலகத்துக்கு எம்.ஐ.ஏ. முதல் ஆல்பத்துக்கு அப்பா பெயர், ‘அருளர்’ (2005). அடுத்ததற்கு அம்மா பெயர், ‘கலா’ (2007). இரண்டாவதுக்காகச் சென்னைக்கு வந்து உறுமியைப் பதிவு செய்துகொண்டு போனார். ஜமைக்காவின் டான்ஸ்ஹால் இசையின் பேஸுக்குப் பக்கத்தில் நம் உறுமி எவ்வளவு மிடுக்காக நிற்கிறது என்பதை அதில் கேட்கலாம். முதலில் ‘பாய்ஸ்’ பாட்டைப் போடுங்கள். அதன் வீடியோவை எடுத்ததும் ஜமைக்காவில்தான்.