உங்களுக்குத் தெரியுமா? வாட்ஸ் ஏமாற்றும், ஹால் காட்டிக்கொடுக்கும்!

ஹோம் தியேட்டர் ஸ்பீக்கருக்குள் 100 வாட்ஸ் போனால், சத்தமாக வெளியே வருவது எவ்வளவு தெரியுமா? சுமார் 1 வாட்! மிச்சம் 99-ம் வெறும் சூடு! காசு கொடுத்து ஹீட்டர் வாங்கியிருக்கிறீர்கள் சார்!

வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில் கம்பத்தில் கட்டுகிறார்களே, குழாய் ஸ்பீக்கர்! அதைக் குறைவாக எடைபோடாதீர்கள். அதே கரண்டில் வீட்டு ஸ்பீக்கரைப்போல பத்து மடங்குக்கு மேல் ஒலி ஆற்றலைக் கக்கும்! நாலு தெரு தாண்டியும் தூக்கம் கெடுவது அதனால்தான்!

50 வாட்ஸ் ஆம்ப்பைத் தூக்கிவிட்டு 100 வாட்ஸ் மாட்டினால் சத்தம் இரண்டு மடங்கா? கிடையவே கிடையாது! கூடுவது வெறும் 3 டெசிபெல்! காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமா? 500 வாட்ஸ் வேண்டும்!

அட்டைப்பெட்டியில் '3000 வாட்ஸ் பிஎம்பிஓ' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதா? பெட்டியைத் திருப்புங்கள். பின்பக்கச் சீட்டில் பொடி எழுத்தில் மின்செலவு இருக்கும். 40 வாட்ஸ் இழுக்கிற பெட்டி 3000 வாட்ஸை எங்கிருந்து கொடுக்கும்? ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கும் எண் மட்டும்தான் நிஜம்!

யாருமே படிக்காத இன்னொரு எண் இருக்கிறது: சென்சிட்டிவிட்டி! 87 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபெல் ஸ்பீக்கரை எடுத்தால், பாதி வாட்ஸிலேயே அதே சத்தம்!

போடி ஏலக்காய் ஏலத்தில் 8 மில்லிமீட்டர் காய்க்குத் தனி மவுசு. சப்வூஃபரிலும் கதை அதேதான்! 12 இன்ச் கூம்பின் பரப்பு 8 இன்ச் கூம்பைப்போல 2.25 மடங்கு! இரண்டு 8 இன்ச் சேர்ந்து நின்றாலும் ஒரு 12 இன்ச்சுக்கு ஈடாகாது!

இளையராஜாவின் பண்ணைப்புரம் நம்ம தேனி மாவட்டம்தான். அவர் பாட்டில் நெஞ்சை அள்ளும் பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி அதிர்வது நொடிக்கு 41 தடவை, அதாவது 41 ஹெர்ட்ஸ்! டிவிக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கருக்கு அந்த ஸ்வரம் எட்டவே எட்டாது. பிறகு எப்படிக் கேட்கிறது? விட்டுப்போன அடிஸ்வரத்தை உங்கள் மூளையே கற்பனை செய்து நிரப்பிக்கொள்கிறது! ராஜா போட்ட பேஸை அவர் மாவட்டத்திலேயே பாதிப் பேர் கற்பனையில்தான் கேட்கிறோம்!

40 ஹெர்ட்ஸிலிருந்து 20 ஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டுமா? அதே சத்தத்துக்கு ஸ்பீக்கர் தள்ள வேண்டிய காற்று 4 மடங்கு! 'குட்டிப் பெட்டி, குலுங்கும் பேஸ்' என்ற விளம்பரத்தை இனிமேல் நம்புவீர்களா?

அந்த 20 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரே ஒரு அலைக்கு நீளம் 17 மீட்டர்! உங்கள் ஹாலுக்குள் ஓர் அலைகூட முழுசாகப் படுக்காது!

ஸ்பீக்கருக்கு மிக மோசமான அறை எது? 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம்! நம் ஊரில் எத்தனை வீட்டில் இதே அளவு! மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் 56 ஹெர்ட்ஸில் 'கும்' என்று கூவும். லட்ச ரூபாய் ஸ்பீக்கரும் அங்கே பீப்பாய்தான்!

சப்வூஃபரை எங்கே வைப்பது? சோபாவில்! ஆமாம், நீங்கள் உட்காரும் இடத்தில் அதைத் தூக்கி வையுங்கள். பேஸ் பாட்டைப் போடுங்கள். இப்போது நீங்கள் தரையில் தவழ்ந்து போங்கள். எந்த மூலையில் பேஸ் கணீரென்று, உறுமாமல் கேட்கிறதோ, அங்கேதான் அதன் இடம்! உலகம் முழுக்க ஒலி நிபுணர்கள் இப்படித்தான் தவழ்கிறார்கள். வீட்டில் பேரன் பேத்தி இருந்தால் துணைக்கு வருவார்கள்!

ஒயரைத் தலைகீழாக மாட்டிவிட்டோமோ என்று சந்தேகமா? சுவர்க் கடிகாரத்தின் 1.5 வோல்ட் பேட்டரி போதும்! ஒயரை ஆம்ப்பிலிருந்து கழற்றி, அந்த முனையில் பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று ஒரு நொடி தொட்டு எடுங்கள். கூம்பு முன்னால் குதித்தால் சரி, உள்ளே போனால் தப்பு! ஒரே ஒரு ஸ்பீக்கர் மாறியிருந்தாலும் ஒன்றின் பேஸை இன்னொன்று விழுங்கிவிடும்!

போடியில் 35 டிகிரி வெயிலில் ஒலி ஓடும் வேகம் நொடிக்கு 352 மீட்டர். 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு போங்கள். 15 டிகிரி குளிரில் அதே ஒலிக்கு வேகம் 340 மீட்டர்தான்! மலை ஏறினால் லாரி மட்டுமில்லை, பாட்டும் திணறுகிறது!

ஈரக் காற்று ஒலியைக் குடித்துவிடும் என்று நினைக்கிறீர்களா? நேர்மாறு! 'ச்சிங்' என்ற மெல்லிய ஒலியைத் தின்பது வறண்ட காற்றுதான். ஏலத்தோட்டத்துக் கசகசப்பு ஒலிக்கு நண்பன்!

ஆனால் அதே ஈரம் ஸ்பீக்கருக்கு எமன்! கூம்பைச் சுற்றி மெத்தென்று ஒரு வளையம் இருக்கும். அதை விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையமாக இருந்தால், சில வருடங்களில் விரலில் மாவாக உதிரும்! எஸ்டேட் வீட்டுக்கு ரப்பர் வளையம்தான். கடைக்காரர் என்ன சொன்னாலும் அசையாதீர்கள்!

கூரையில் பட்டு ஒலி கீழே விழும் அட்மாஸ் ஸ்பீக்கர் ஆசையா? சாய்ந்த தகரக் கூரையா? மறந்துவிடுங்கள்! சமதளக் கூரை வேண்டும், அதுவும் 14 அடிக்குள்! போடி கான்கிரீட் வீட்டுக்கு ஜோர், மலை பங்களாவுக்கு தண்டம்!

அட்மாஸில் வெளியான முதல் இந்தியப் படம் எது? நம்ம 'சிவாஜி 3டி'! நாள் 12-12-12! உலகின் முதல் அட்மாஸ் படமான 'பிரேவ்' வந்து ஆறே மாதத்தில்! வீட்டுக்குள் அட்மாஸ் நுழைந்தது 2014-இல்தான்!

போஸ் ஸ்பீக்கர் அமெரிக்கச் சரக்கு. அமர் போஸின் அப்பா வங்காளி! 1968-இல் வந்த போஸ் 901-இல் 9 ஸ்பீக்கர்கள். அதில் 8 சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன!

வசனம் கேட்கவில்லை என்று ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருக்கிறீர்களா? 5.1-இல் வசனம் பெரும்பாலும் வருவது நடு ஸ்பீக்கர் ஒன்றில்தான்! மிச்சம் பிடிக்க நினைத்தால் பின் ஸ்பீக்கரில் பிடியுங்கள், நடுவில் கை வைக்காதீர்கள்!

கடைசியாக ஒன்று. தியேட்டர் தரத்தில் ஒரு ஸ்பீக்கர் எட்ட வேண்டிய உச்சம் 105 டெசிபெல். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை சட்டம் விடும் எல்லை 45 டெசிபெல். இடைவெளி 60 டெசிபெல்தானே என்கிறீர்களா? ஆற்றலில் அது பத்து லட்சம் மடங்கு! ராத்திரிப் படத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுவிடுங்கள்!